வரைபடத்தில் விடுபட்ட மதிப்புகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

விரிதாளில் நடுவே சில செல்கள் காலியாக இருக்கின்றன. வரைபடம் போட்டுப் பார்த்தால் அங்கே என்ன இருந்திருக்கும் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் பலரும் வரைபடத்தைத் திறக்கிறார்கள். திறந்ததும் கோடு அதலபாதாளத்துக்குப் பாய்கிறது, அல்லது சமன்பாடு மைனஸ் இரண்டாயிரம் என்று விடை தருகிறது, அல்லது இடைவெளி இருந்த சுவடே தெரியவில்லை. உங்கள் திரையில் தெரியும் அறிகுறி எதுவோ, நேராக அங்கே போங்கள். முதலில் இருந்து படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஆர்-வர்க்கம் (கோடு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும், 1க்கு மேல் போகாத எண்) பற்றிய பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம். மற்றவை மென்பொருளின் கோளாறுகள், அது நம்முடைய கோளாறு.

உதாரணத்துக்கு உண்மையான தரவு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஹவாயில் மௌனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் தொடங்கிய கரியமில வாயு அளவீடு அது. 1964இல் நிதி வெட்டால் அளவீடு நின்றுபோனது. அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு மதிப்பு இல்லை. ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளுடன் 'சிஓ2' என்ற பெயரில் 1959 முதல் 1997 வரையிலான 468 மாத மதிப்புகள் வருகின்றன. அதில் இந்த மூன்று மாதங்களையும் யாரோ ஏற்கெனவே நிரப்பியிருக்கிறார்கள். எப்படி நிரப்பினார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம். இப்போதைக்கு அந்த மூன்று செல்களையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அலகு பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது.

மெனு பெயர்களை எக்செலை வைத்துச் சொல்கிறேன். மற்றவை வேறுபடும் இடங்களில் குறிப்பிடுகிறேன்.

அறிகுறி: கோடு திடீரென்று அடிமட்டத்துக்கு விழுகிறது

முதலில் விழுந்த இடத்தில் சுட்டியை வைத்து மதிப்பைப் பாருங்கள். -99.99 அல்லது -999.99 என்றிருந்தால் அது அளவீடே அல்ல, "தரவு இல்லை" என்பதற்கான அடையாளம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வெளியிடும் மௌனா லோவா வாராந்திரக் கோப்பில் -999.99 என்று இருக்கும். பழைய மாதாந்திரக் கோப்புகளில் -99.99. வானிலைத் தரவுகளில் -9999 என்பதும் சகஜம். கண்டுபிடித்து மாற்றும் வசதியில் "முழு செல்லும் பொருந்த வேண்டும்" என்ற தெரிவைப் போட்டு, அந்த எண்ணை வெற்றிடமாக மாற்றுங்கள். அந்தத் தெரிவைப் போடாமல் -9999ஐ நீக்கினால், எங்கோ -99995 என்று இருக்கும் நியாயமான மதிப்பும் சிதைந்து 5 ஆகிவிடும்.

மதிப்பு சரியாக 0 என்று காட்டினால் செல்லின் உள்ளே பாருங்கள். அங்கே ஒரு சூத்திரம் இருந்து, நிபந்தனை பொருந்தாவிட்டால் இரண்டு மேற்கோள் குறிகளைத் திருப்பித் தரும்படி எழுதியிருப்பார்கள். கண்ணுக்கு அது காலி. எக்செலுக்கு அது எழுத்து, எனவே கோட்டு வரைபடத்தில் பூஜ்யமாகப் போட்டுவிடும். சந்தேகம் இருந்தால் அந்த நெடுவரிசையில் கவுண்ட், கவுண்ட்ஏ இரண்டையும் போட்டுப் பாருங்கள். முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது இந்தப் போலிக் காலிகளையும் சேர்த்து எண்ணும். இரண்டும் வேறுபட்டால் சூத்திரத்தில் மேற்கோள் குறிகளுக்குப் பதிலாக என்ஏ சார்பை வையுங்கள். செல்லில் #என்/ஏ என்று அசிங்கமாகத் தெரியும், தெரியட்டும். வரைபடத்தில் பூஜ்யம் வராது.

செல் உண்மையிலேயே காலியாக இருந்தும் கோடு பூஜ்யத்துக்குப் போனால், அது வெறும் அமைப்புதான். வரைபடத்தில் வலது சொடுக்கு, செலக்ட் டேட்டா, அதன் அடியில் ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ். இடைவெளி, பூஜ்யம், கோட்டால் இணைத்தல் என்று மூன்று தெரிவுகள் இருக்கும். இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் விடுபட்ட மதிப்புகளை எப்படி வரைவது என்பதற்கு இதே மூன்று தெரிவுகள் உண்டு.

அறிகுறி: இடைவெளியே தெரியவில்லை, கோடு நேராகத் தாண்டிப் போகிறது

மேலே சொன்ன அதே பெட்டியில் "கோட்டால் இணை" தேர்வாகியிருக்கும், அல்லது செல்லில் #என்/ஏ இருக்கும். எக்செலின் பழைய வழக்கம், #என்/ஏ உள்ள இடத்தைத் தாண்டி இருபுறப் புள்ளிகளையும் கோட்டால் இணைப்பது. புதிய பதிப்புகளில் #என்/ஏவைக் காலிச் செல்லாகவே காட்டும் தெரிவு ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் இரண்டு விதமாகத் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வரைபடம் போடும் அந்த இணைப்புக் கோடு வெறும் மை. அதன் மீது சுட்டியை வைத்தால் எந்த மதிப்பும் வராது, செல்லிலும் எதுவும் எழுதப்படாது. மதிப்பு வேண்டுமென்றால் நீங்கள்தான் கணக்கிட வேண்டும். முன் மதிப்போடு, இருபுற வித்தியாசத்தில் கடந்த காலத்தின் பங்கைக் கூட்டினால் போதும். 1964 ஜனவரி 319.41, மே 322.06. வித்தியாசம் 2.65, நான்கு படிகள், ஒரு படிக்கு 0.6625. எனவே பிப்ரவரி 320.07, மார்ச் 320.74, ஏப்ரல் 321.40. கையால் செய்யப் பிடிக்காவிட்டால் ஜனவரி முதல் மே வரை ஐந்து செல்களையும் தேர்ந்தெடுத்து ஃபில் மெனுவில் சீரிஸ் போங்கள். படியின் அளவை எக்செலே கணக்கிட்டு வைத்திருக்கும். அந்தப் பெட்டியில் 'ட்ரெண்ட்' என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்துவிடாதீர்கள். உங்கள் அசல் ஜனவரி, மே மதிப்புகளின் மீதும் அது எழுதிவிடும்.

ஃபோர்காஸ்ட்.லீனியர் சார்பைப் பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். முழு நெடுவரிசையையும் அதற்குக் கொடுத்தால் எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக இழுத்த ஒரே கோட்டின், அதாவது போக்குக்கோட்டின் (ட்ரெண்ட்லைன்) மதிப்பைத் தரும். இடைவெளியை ஒட்டிய இரண்டு புள்ளிகளை மட்டும் கொடுத்தால்தான் இடைச்செருகல், அதாவது அவற்றுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணக்கிடுவது. விடை வரைபடக் கோட்டோடு பொருந்தவில்லை என்று குழம்புகிறவர்கள் தேர்ந்தெடுத்த வரம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ட்ரெண்ட், லைன்எஸ்ட் சார்புகள் இதைவிடக் கறாரானவை. வரம்பில் ஒரு காலிச் செல் இருந்தாலும் #வேல்யூ! என்று கைவிரித்துவிடும். காலியில்லாத வரிசைகளை வேறிடத்தில் நகலெடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்று: கோட்டின் அமைப்பில் 'ஸ்மூத்' போட்டிருந்தால் புள்ளிகளுக்கு இடையே வளைவு தன்னிச்சையாக எகிறும், தாழும். அந்த வளைவின் உச்சியைப் படித்து மதிப்பு என்று எழுதாதீர்கள்.

அறிகுறி: போக்குக்கோட்டின் சமன்பாட்டில் ஆண்டைப் போட்டால் அபத்தமான விடை

சமன்பாட்டில் தவறு இருக்காது. நீங்கள் கொடுக்கும் எக்ஸும் வரைபடம் எடுத்துக்கொண்ட எக்ஸும் வெவ்வேறாக இருக்கும். கோட்டு வரைபடம் கிடைமட்ட அச்சில் உள்ளவற்றை வெறும் பெயர்ச்சீட்டுகளாகத்தான் பார்க்கிறது. நீங்கள் 1959.00, 1959.08 என்று எழுதியிருந்தாலும் அதற்கு அவை 1, 2, 3. 1964 ஏப்ரல் என்பது அதன் கணக்கில் 64ஆவது மாதம். அங்கே 1964.25 என்று போட்டால் விடை வானத்துக்குப் போகும்.

எந்த எக்ஸ் என்று கண்டுபிடிக்க, சரிவு எண்ணே போதும். 1959-1997 மாத மதிப்புகள் முழுவதற்கும் நேர்க்கோடு போட்டால், எக்ஸ் ஆண்டாக இருக்கும்போது சரிவு 1.3075. எக்ஸ் மாத எண்ணிக்கையாக இருந்தால் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 0.109. எக்ஸ் எக்செல் தேதியாக இருந்தால் நாளொன்றுக்கான சரிவு, 0.0036. உங்கள் வரைபடத்தில் இந்த மூன்றில் எது தெரிகிறது என்று பார்த்தால் நோய் பிடிபட்டுவிடும். மருந்து, வரைபட வகையை ஸ்கேட்டர் (எக்ஸையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும் புள்ளி வரைபடம்) என்று மாற்றுவது. ஸ்கேட்டரிலும் 1, 2, 3 தொடர்ந்தால் எக்ஸ் நெடுவரிசையில் எங்கோ ஒரு செல்லில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கிறது. ஒரே ஒரு செல் போதும், நெடுவரிசை முழுவதையும் எக்செல் பெயர்ச்சீட்டாக்கிவிடும். தரவைப் பிரதி எடுத்தபோது ஒட்டிக்கொண்ட இடைவெளிக் குறிதான் பெரும்பாலும் குற்றவாளி.

எக்ஸ் சரி, விடை மட்டும் கொஞ்சம் விலகுகிறது என்றால் தசமப் புள்ளிகளைக் கவனியுங்கள். எக்செல் தேதிகளை நாள் எண்ணாக வைத்திருக்கிறது. 1964 ஜனவரி 1 என்பது 23,377, ஏப்ரல் 1 என்பது 23,468. வரைபடத்தில் 0.0036 என்று தெரியும் சரிவு உண்மையில் 0.00358. அந்தச் சிறு வித்தியாசத்தை 23,468ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அரை பிபிஎம். 1960களின் முற்பாதியில் ஓராண்டு முழுக்கக் கரியமில வாயு கூடிய அளவே அதை ஒட்டித்தான். இருபடி, முப்படிச் சமன்பாடுகளில் கேட்கவே வேண்டாம். 2ஈ-07 (அதாவது 0.0000002) என்று தெரியும் கெழு 1.5ஈ-07 முதல் 2.5ஈ-07 வரை எதுவாகவும் இருக்கலாம். 23,468இன் வர்க்கம் சுமார் 55 கோடி. பெருக்கிப் பாருங்கள், விடை 27 பிபிஎம் வரை தப்பும்.

சமன்பாட்டுச் சீட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் எண் வடிவத்தை அறிவியல் முறைக்கு மாற்றி 14 தசமங்கள் கொடுங்கள். அதைவிட நல்லது, வரைபடத்திலிருந்து சமன்பாட்டைப் பார்த்து எழுதும் பழக்கத்தையே விட்டுவிட்டு லைன்எஸ்ட் அல்லது ஸ்லோப், இன்டர்செப்ட் சார்புகளில் நேரடியாகக் கணக்கிடுவது. ஆண்டிலிருந்து 1959ஐக் கழித்துவிட்டு எக்ஸைப் பூஜ்யத்தில் தொடங்கினாலும் பாதித் தொல்லை தீரும்.

அறிகுறி: எக்ஸ்பொனென்ஷியல், பவர் தெரிவுகள் மங்கிக் கிடக்கின்றன

தரவில் பூஜ்யமோ மைனஸோ இருக்கிறது. இரண்டு வகைகளும் மடக்கை எடுத்துத்தான் கணக்கிடுகின்றன, பூஜ்யத்துக்கும் குறை எண்ணுக்கும் மடக்கை கிடையாது. முதல் அறிகுறியில் சொன்ன -99.99ஐ நீக்காமல் இங்கே வந்திருப்பீர்கள்.

அறிகுறி: மூவிங் ஆவரேஜ் போட்டேன், சமன்பாடு வரவில்லை

வராது. அது சமன்பாடு உள்ள வளைவல்ல. மேலும் எக்செலின் மூவிங் ஆவரேஜ் பின்னோக்கிப் பார்க்கும் வகை. 12 மாதச் சராசரியைப் பன்னிரண்டாவது மாதத்தின் மேல் போடும். எனவே கோடு உண்மைப் போக்கிலிருந்து ஐந்தரை மாதம் பின்தங்கித் தெரியும். விடுபட்ட மதிப்பை அதிலிருந்து படிப்பது வீண்வேலை.

அறிகுறி: ஆர்-வர்க்கம் 0.97, ஆனாலும் நிரப்பிய மதிப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது

மௌனா லோவா மாத மதிப்புகளுக்கு ஆண்டை எக்ஸாக வைத்து நேர்க்கோடு போட்டால் ஆர்-வர்க்கம் 0.97 அளவில் வரும். பார்க்கிறவர் மயங்கிப்போவார். சமன்பாடு: 1.3075 பெருக்கல் ஆண்டு, கழித்தல் 2249.8. இதில் 1964.25ஐப் போட்டால் 318.5. ஆனால் அதே ஆண்டு ஜனவரியிலேயே அளவு 319.41, மே மாதம் 322.06. இடையில் உள்ள ஏப்ரல் ஜனவரியைவிடத் தாழ்ந்து 318.5 ஆக இருக்க வழியே இல்லை. அந்தச் செல்லை நிரப்பி வரைபடத்தைப் பார்த்தால் பல் விழுந்த சிரிப்பு மாதிரி ஒரு பள்ளம்.

ஆர்-வர்க்கம் சொல்வது 39 ஆண்டு ஏற்றத்தை நேர்க்கோடு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் வட அரைக்கோளத்தின் தாவரங்கள் கோடையில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் அளவு மே மாதம் உச்சத்தைத் தொட்டு செப்டம்பர், அக்டோபர் வரை இறங்குகிறது. உச்சிக்கும் அடிக்கும் இடையே ஐந்தாறு பிபிஎம். நாம் தேடும் மதிப்பு இந்த அலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நேர்க்கோட்டுக்கு அலை தெரியாது.

அப்படியானால் ஜனவரிக்கும் மேக்கும் நேராகக் கோடு இழுத்தது சரியா? ஆர் தொகுப்பில் நிரப்பியவர்கள் செய்ததும் அதுதான். அதன் உதவிக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், எண்களும் நாம் மேலே கணக்கிட்ட அதே 320.07, 320.74, 321.40. என் கணக்கில் இது மோசமில்லை. ஏனென்றால் அந்த நான்கு மாதமும் அலை ஏறும் பக்கம், எனவே கோடு அதிகம் விலகாது. இடைவெளி உச்சியில் விழுந்திருந்தால் கதையே வேறு.

அதைச் சோதிக்க முடியும். மதிப்பு தெரிந்த ஓர் ஆண்டை எடுத்து நாமே சில செல்களை மறைத்துவிட்டு நிரப்பிப் பார்க்கலாம். 1961இல் ஏப்ரல், மே, ஜூன் மூன்றையும் மறையுங்கள். மார்ச் 318.38, ஜூலை 318.42. நேர்க்கோடு போட்டால் மே 318.40. உண்மை மதிப்பு 320.42. இரண்டு பிபிஎம் மாயம், உச்சியையே சீவி எறிந்துவிட்டது.

அதே மூன்று செல்களை முன்பின் ஆண்டுகளை வைத்து நிரப்புவோம். 1960, 1962 இரண்டின் சராசரியை மாதவாரியாக எடுத்தால்: மார்ச் 318.48, ஏப்ரல் 319.65, மே 320.36, ஜூன் 319.94, ஜூலை 318.73. நமக்குத் தெரிந்த 1961 மார்ச் இந்தச் சராசரியைவிட 0.10 குறைவு, ஜூலை 0.31 குறைவு. இந்தக் குறைவைத்தான் நேர்க்கோட்டில் நிரப்ப வேண்டும், மதிப்பை அல்ல. நடுவில் உள்ள மேக்கு 0.20 குறைவு என்று வரும். எனவே மே 320.16. ஏப்ரல் 319.50, ஜூன் 319.68. உண்மை மதிப்புகள் 319.31, 320.42, 319.61. மூன்றிலும் பிழை ஏறக்குறைய கால் பிபிஎம்முக்குள் நிற்கிறது.

இதே முறையை 1964க்குப் போட்டால் 1963, 1965 ஆண்டுகளின் துணையோடு பிப்ரவரி 319.97, மார்ச் 320.47, ஏப்ரல் 321.73 என்று வருகிறது. நேர்க்கோட்டு விடையிலிருந்து அதிகபட்சம் 0.33 விலகல். ஆனால் இதுதான் சரி என்று மார்தட்ட மாட்டேன். ஏறுமுக மாதங்களில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மறைத்து 1962இல் இதே சோதனையைச் செய்தால் நேர்க்கோடுதான் உண்மைக்கு அருகில் வருகிறது. செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. இடைவெளி எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு இந்த மறைத்துப் பார்க்கும் சோதனையை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எக்செல் 2016 முதல் ஃபோர்காஸ்ட்.ஈடிஎஸ் என்ற சார்பு உண்டு. பருவகால அலையைத் தானே கண்டுபிடிக்கும், 30 சதவீதம் வரை விடுபட்ட புள்ளிகளையும் தாங்கும். ஆனால் அது எதிர்காலத்தைக் கணிக்கப் பிறந்தது. நடுவில் உள்ள ஓட்டைகளை அது உள்ளுக்குள் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியால்தான் அடைத்துக்கொள்கிறது. ஆகவே ஓட்டையை அடைக்க அதைக் கூப்பிடுவதில் லாபமில்லை.

அறிகுறி: பல்லுறுப்புக் கோவை எல்லாப் புள்ளிகளையும் தொடுகிறது, இடைவெளியில் மட்டும் எகிறுகிறது

படியை, அதாவது சமன்பாட்டில் எக்ஸின் மிக உயர்ந்த அடுக்கைக் குறையுங்கள். எக்செல் 6 வரை அனுமதிக்கிறது என்பதற்காக 6 போட வேண்டியதில்லை. உயர்படி வளைவு தரவு இருக்கும் இடத்தில் அடங்கியிருக்கும், இல்லாத இடத்தில் அவிழ்த்துவிட்ட காளை. தரவின் கடைசிப் புள்ளிக்கு அப்பால் நீட்டினால் இன்னும் ஆபத்து. 2க்கு மேல் போட உங்களிடம் இயற்பியல் காரணம் எதுவும் இல்லையென்றால் 2இலேயே நில்லுங்கள்.

அறிகுறி: மூலத் தாள் தொலைந்துவிட்டது, வரைபடம் மட்டும்தான் இருக்கிறது

வரைபடம் உயிரோடு எக்செல் அல்லது பவர்பாயின்ட் கோப்புக்குள் இருந்தால் எண்கள் தொலையவில்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது வேறொன்றும் இல்லை, ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகல் எடுத்து, பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். 'எக்ஸ்எல்' கோப்புறைக்குள் 'சார்ட்ஸ்' இருக்கும், அதற்குள் சார்ட்1 என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. அதைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து 'நம்கேஷ்' (numCache) என்ற சொல்லைத் தேடுங்கள். வரைபடம் கடைசியாகக் காட்டிய மதிப்புகள் ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு அங்கே கிடக்கும், தசமங்கள் முழுமையாக. வரிசை எண்ணில் 60 இருந்து 61, 62, 63 விடுபட்டு 64க்குத் தாவினால் அந்தப் புள்ளிகள் மூலத்திலேயே காலி என்று பொருள். எண்கள் பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒன்றைக் கூட்டிப் படிக்க மறக்காதீர்கள். பவர்பாயின்டில் 'எம்பெட்டிங்ஸ்' என்ற கோப்புறையில் முழு விரிதாளே ஒளிந்திருப்பதும் உண்டு. இதே காரணத்தால், வெளியாருக்கு அனுப்பும் கோப்பில் வரைபடத்தைப் படமாக ஒட்டுவது நல்லது என்று பலருக்கும் தெரிவதில்லை.

வெறும் படம்தான் இருக்கிறது என்றால் பிக்சல்களை அளக்க வேண்டும். அச்சின் இரண்டு தெரிந்த குறிகளைப் பிடித்துக்கொண்டு விகிதம் போடுவதுதான் கணக்கு. வெப்பிளாட்டிஜிட்டைசர் போன்ற கருவிகள் இதையே செய்து தருகின்றன. 310 முதல் 330 வரையிலான அச்சு 300 பிக்சல் உயரம் என்றால் ஒரு பிக்சல் 0.07 பிபிஎம். கோட்டின் தடிமன் மூன்று பிக்சல் என்றால் 0.2க்குக் குறைந்த நுணுக்கத்தைக் கேட்காதீர்கள். 319.4127 என்று எழுதுவது பொய். அச்சு மடக்கை அளவில் இருந்தால் முதலில் அச்சு மதிப்புகளின் மடக்கையை எடுத்து விகிதம் போட்டுவிட்டுத் திரும்ப மாற்றுங்கள்.

அறிகுறி: நிரப்பி முடித்தாயிற்று, இப்போது எது அளந்தது, எது நிரப்பியது என்று தெரியவில்லை

நிரப்பிய மதிப்புகளை அசல் நெடுவரிசையில் எழுதியதால் வந்த வினை. அசல் நெடுவரிசையைக் காலிச் செல்களோடு அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை தொடங்குங்கள். அசல் இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் கணக்கிட்டதை எடு என்று ஒரு சூத்திரம் போதும். மூன்றாவது நெடுவரிசையில் எந்த முறை என்று ஒரு சொல். வரைபடத்தில் நிரப்பிய புள்ளிகளை உள்ளே நிறமில்லாத வட்டமாகக் காட்டுங்கள். திட்ட விலக்கம், பிழை வரம்பு போன்றவற்றை அசல் நெடுவரிசையில் மட்டும் கணக்கிடுங்கள். நேர்க்கோட்டால் நிரப்பிய புள்ளிகளில் இயற்கையான சிதறல் இருக்காது, எனவே தரவு உள்ளதைவிட ஒழுங்கானது என்ற பொய்த் தோற்றம் வந்துவிடும்.

இடைவெளி நீளமாக இருந்தால் வேறு வழி தேடுங்கள். 2022 நவம்பர் இறுதியில் மௌனா லோவா எரிமலை வெடித்தபோது எரிகுழம்பு ஆய்வு மையத்துக்குப் போகும் சாலையையும் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டது. அங்கே யாரும் சூத்திரம் போட்டு நிரப்பிக்கொண்டு உட்காரவில்லை. அருகிலுள்ள மௌனா கேயா சிகரத்தில் கருவியை வைத்து அளவீட்டைத் தொடர்ந்தார்கள். உங்கள் தரவுக்கும் அப்படி ஒரு பக்கத்து நிலையம், பக்கத்து மீட்டர், பக்கத்துக் கிளையின் பதிவேடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், இரண்டும் சேர்ந்து இயங்கிய மாதங்களில் அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தோடு அங்கிருந்து மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் செல்லைக் காலியாகவே விடுங்கள், வரைபடத்தில் இடைவெளியும் அப்படியே தெரியட்டும்.